ஏப்ரல் முழுக்கத் தோற்ற அணி

தோற்றவர்களின் பருவம் – 6

சென்ற வாரம் பார்த்த நியூயார்க் மெட்ஸ் அணி 1962இல் தன் முதல் 9 ஆட்டங்களையும் தோற்றது. பருவம் முடிகையில் 120 தோல்விகள். ஆனால் மெட்ஸ் அந்த ஆண்டுதான் பிறந்த அணி. மற்ற அணிகள் கழித்துக்கட்டிய ஆட்டக்காரர்களைக் கொண்டு திரட்டப்பட்டது. அவர்கள் தோற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே நியூயார்க் அவர்களைச் செல்லமாக வைத்துக்கொண்டது. இந்த வார அணிக்கு அந்தச் சலுகை கிடையாது. பால்டிமோர் ஓரியோல்ஸ் வென்று பழகிய அணி. 1966, 1970, 1983 என மூன்று முறை உலகத் தொடரை வென்றவர்கள். 1968 முதல் 1985 வரை 18 பருவங்களில் ஒன்றில்கூட அவர்களுடைய தோல்விகள் வெற்றிகளைவிட மிகுந்ததில்லை. அந்த அணி 1988 ஏப்ரலில், பருவத்தின் முதல் 21 ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது.

பேஸ்பாலில் இது எவ்வளவு அரிது என்பதைக் கிரிக்கெட்டை வைத்து எடைபோட முடியாது. ஐபிஎல்லில் ஓர் அணி லீக் சுற்றில் 14 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் நாலைந்து தொடர்ந்து தோற்றால் கதை முடிந்தது என்கிறோம். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ தொடங்கி ஆறு மாதம், அநேகமாகத் தினமும் ஆட்டம். எவ்வளவு நல்ல அணியும் 60 ஆட்டம் தோற்கும், எவ்வளவு மோசமான அணியும் 60 ஆட்டம் வெல்லும் என்பது அந்த ஆட்டத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. தவிர, பந்தெறிபவரான பிட்சர் தினமும் மாறுவார். ஓர் அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஐந்து பேர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் ஐந்து நாளைக்கு ஒருமுறை முறை வரும். தொடர் தோல்வியைப் பெரும்பாலும் அவர்களில் சிறந்தவர்தான் வந்து அறுப்பார். 21 ஆட்டம் என்றால் அந்த வரிசை நான்கு முறை முழுதாகச் சுற்றி வந்தும் ஒருவராலும் அறுக்க முடியவில்லை என்று பொருள்.

மீதிப் பருவத்தில் இதே ஓரியோல்ஸ் 140 ஆட்டங்களில் 54இல் வென்றது. அதாவது ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தரத்தில் உள்ள ஓர் அணி குறிப்பிட்ட 21 ஆட்டங்களை விடாமல் தோற்பதற்கான வாய்ப்பைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 28,000இல் ஒன்று வருகிறது. ஆக, அது மட்டமான அணிதான். ஆனால் ஏப்ரல் காட்டிய அளவுக்கு மட்டமான அணி அல்ல.

ஏப்ரல் 4. பால்டிமோரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். வந்திருந்தவர்கள் 52,395 பேர். எதிரணி மில்வாக்கி ப்ரூவர்ஸ். முடிவு 12–0. தோற்றவர் மைக் பாடிக்கர், 1984இல் 20 ஆட்டங்களை வென்று கொடுத்த பிட்சர். முதல் நாள் தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னும் 161 இருக்கிறதே. அடுத்து ப்ரூவர்ஸிடமே 3–1. பிறகு கிளீவ்லாண்டுக்குப் போய் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி. ஆறு ஆட்டம் முடிந்து ஊர் திரும்பியதும், ஏப்ரல் 12 அன்று, அணியைக் களத்தில் நடத்தும் மேனேஜரான கால் ரிப்கன் சீனியரை நிர்வாகம் நீக்கியது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவே இல்லை. ரிப்கன் சீனியர் யார் என்று தெரிந்தால்தான் அந்த முடிவின் கனம் புரியும். 1957இல் ஓர் இளம் கேட்சராக ஓரியோல்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. சிறு லீக்குகளில் ஆடி, பிறகு அங்கேயே 14 ஆண்டுகள் இளம் அணிகளை நடத்தி, மேலே வந்து நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்தவர். பந்தைப் பிடித்ததும் எந்தக் கால் முன்னே வரவேண்டும், எறிந்த பந்தை இடைமறிக்க யார் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் ஓரியோல்ஸின் கீழ்நிலை அணிகள் அனைத்திலும் ஒரே மாதிரி கற்றுத்தரப்பட்டன. அந்த முறைக்கு ‘ஓரியோல் வழி’ என்றே பெயர். அதைக் கட்டிக் காத்தவர்களில் முதல் வரிசையில் வைக்கவேண்டிய ஆள் ரிப்கன் சீனியர். 1980களின் நடுவில் எர்ல் வீவர் ஓய்வுபெற்ற பிறகு, 1987இல்தான் மேனேஜர் நாற்காலி அவருக்கு வந்தது. முப்பது ஆண்டுக் காத்திருப்பு. கையில் கிடைத்ததோ 1986இல் 73 வெற்றி, 89 தோல்வி என்று பிரிவின் அடிமட்டத்துக்குப் போயிருந்த அணி.

அந்த அணியில் அவருடைய மகன்கள் இருவர் இருந்தார்கள். மூத்தவர் கால் ரிப்கன் ஜூனியர் ஷார்ட்ஸ்டாப்; 1983இல், மேஜர் லீக்கில் அடங்கிய இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வானவர். இளையவர் பில்லி இரண்டாம் பேஸில். ஒரு தந்தை மேஜர் லீக்கில் ஒரே நேரத்தில் தன் இரண்டு மகன்களையும் வைத்து அணியை நடத்தியது அதுவே முதல்முறை. தந்தை நீக்கப்பட்ட அன்றும் மகன்கள் சீருடை அணிந்து களமிறங்கத்தான் வேண்டியிருந்தது. பில்லி தன் முதுகில் இருந்த 3ஆம் எண்ணைக் கழற்றிவிட்டு, தந்தை அணிந்திருந்த 7ஐ வாங்கிப் போட்டுக்கொண்டார். அவர்கள் வெளியே காட்டிய எதிர்ப்பில் என் கண்ணில் நிற்பது அது ஒன்றுதான்.

ஆறு ஆட்டம் என்பது பருவத்தில் நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை. அதை வைத்து ஒரு மேனேஜரின் தகுதியைச் சொல்ல முடியாது என்பதை நிர்வாகம் அறியாதா? அறியும். 1987இல் 95 தோல்விகள் என்ற கணக்கும் அவர்கள் மனதில் இருந்திருக்கும். அப்படியானால் அந்தக் குளிர்காலத்திலேயே நீக்கியிருக்க வேண்டும். ஏப்ரலில் நீக்கியதன் மூலம், சில ஆண்டுகளாகச் சேர்ந்த கோளாறு முழுவதும் அந்த ஒருவர் செய்தது என்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள்.

புதிய மேனேஜர் ஃப்ராங்க் ராபின்சன். இரண்டு லீக்குகளிலும் மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர். 1966இல் பால்டிமோருக்கு முதல் உலகத் தொடரை வென்று தந்தவர்களில் தலையாயவர். 1975இல் கிளீவ்லாண்டில் மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜரானவர். அவர் வந்ததும் அணி நிமிர்ந்ததா? அவரும் தொடர்ந்து 15 ஆட்டங்கள் தோற்றார். குற்றம் மேனேஜரிடம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

அப்படியானால் குற்றம் எங்கே? அணியில் ஆள் இல்லாமல் இல்லை. ரிப்கன் ஜூனியரும் எடி மர்ரேயும் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். 1975 பருவத்தின் நாயகனாக விளங்கிய ஃப்ரெட் லின் இருந்தார். ஆனால் பேஸ்பாலில் ஒரு மட்டையாளர் நினைத்தபடி நின்று ஆட முடியாது. ஒருமுறை அடித்துவிட்டால் மற்ற எட்டுப் பேரும் அடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில்போல ஒருவர் நாள் முழுக்க நின்று அணியைக் கரைசேர்ப்பது அங்கே நடக்காது. ஆகவே ஒன்பது பேரில் ஆறு பேர் தளர்ந்தால், இரண்டு மேதைகள் இருந்தும் பயனில்லை. போதாக்குறைக்கு அந்த ஏப்ரலில் ரிப்கன் ஜூனியருக்கே பந்து மட்டையில் படவில்லை. அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு ஓட்டம் எடுப்பதே பாடாக இருந்தது.

பந்தெறியும் பக்கம் இன்னும் வருத்தம். 1983 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் பிலடெல்பியாவுக்கு ஓர் ஓட்டமும் தராமல் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் ஸ்காட் மெக்ரெகர். ஐந்து ஆண்டு கழித்து இதே ஏப்ரலில் அவர் தோளில் பழைய வலு இல்லை. சில ஆட்டங்களோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அவருக்குப் பின்னால் வரவேண்டிய இளைஞர் வரிசை அங்கே இல்லை. அதற்கான காரணம் 1985 பருவத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் இருக்கிறது. உலகத் தொடர் வெற்றியின் சூட்டில் இருந்த உரிமையாளர் எட்வர்டு பென்னட் வில்லியம்ஸ், வெளியிலிருந்து லின், லீ லேசி, டான் ஆஸி ஆகியோரைப் பெரிய தொகைக்கு வாங்கினார். அந்நாளைய விதிப்படி அப்படி வாங்கும் அணி, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தன் முன்னுரிமை வாய்ப்புகளை இழக்கும். விதைநெல்லை விற்று அரிசி வாங்கிய கதைதான். மூன்றாண்டு கழித்துக் களத்தில் முளைக்க எதுவும் இல்லை. ஓரியோல் வழியை முப்பது ஆண்டுகளாகக் கற்றுத்தந்த மனிதர் தலையில், கற்றுக்கொள்ள ஆளில்லாமல் போன காலத்தின் பழி விழுந்தது.

13 தோல்விகளோடு பருவத்தைத் தொடங்கியதே அதுவரை மேஜர் லீக்கில் மோசமான தொடக்கம். 14ஆவது தோல்வியில் அந்த எல்லையும் கடந்துபோனது. அதன் பிறகு நாடே பால்டிமோரைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பில்லியின் படம் விளையாட்டு வார இதழின் அட்டையில் வந்தது. அதிபர் ரீகன் ராபின்சனைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். பால்டிமோர் வானொலி ஒன்றின் அறிவிப்பாளர் பாப் ரிவர்ஸ், அணி வெல்லும்வரை ஒலிபரப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தவர், 258 மணி நேரம் அங்கேயே கிடந்தார்.

அந்த ஊர் இப்படித் தவித்ததற்கு ஆட்டத்தைத் தாண்டிய ஒரு காரணம் உண்டு. 1984 மார்ச்சில் ஓர் இரவில், பால்டிமோரின் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸ், சாமான்களை மேஃப்ளவர் லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபோலிஸுக்குப் போய்விட்டது. விடிந்தபோது ஊரில் அணி இல்லை. அந்தக் காயம் ஆறாத நான்காம் ஆண்டு இது. ஓரியோல்ஸின் உரிமையாளர் வில்லியம்ஸோ வாஷிங்டனின் பெரிய வழக்கறிஞர். வாஷிங்டனில் அப்போது பேஸ்பால் அணி கிடையாது. அணியை அவர் அங்கே கொண்டுபோய்விடுவார் என்ற அச்சம் அவர் வாங்கிய 1979 முதலே இருந்தது. தோல்வி ஒவ்வொன்றும் அந்த அச்சத்தின்மேல் வந்து விழுந்தது.

ஏப்ரல் 28இல் மினசோட்டாவிடம் 21ஆவது தோல்வி. ஓர் அமெரிக்கன் லீக் அணி தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றதுண்டு, அதையும் தாண்டியாயிற்று. மறுநாள் சிகாகோவின் கொமிஸ்கி பார்க். முதல் இன்னிங்ஸிலேயே எடி மர்ரே பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். ரிப்கன் ஜூனியர் அன்று நான்கு முறை அடித்தார், அதில் ஒன்று ஹோம் ரன். மார்க் வில்லியம்சனும் டேவ் ஷ்மிட்டும் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தரவில்லை. 9–0. அதன்பின் சிகாகோவிடமே மேலும் இரண்டு தோல்வி. ஒரு வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு அணி ஊர் திரும்பியது.

மே 2, திங்கட்கிழமை இரவு. மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர். முதல் நாள் கூட்டத்துக்கு ஏறக்குறைய நிகரான கூட்டம், இப்போது 23 தோல்விக்குப் பிறகு. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் நெகிழவைத்த எண் இதுதான். கோல்ட்ஸைப் பறிகொடுத்தவர்கள், ஓரியோல்ஸ் போய்விடக் கூடாது என்பதைத் தங்களால் முடிந்த ஒரே வழியில், டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து, சொன்னார்கள். அன்றிரவே மேரிலாண்ட் ஆளுநர் வில்லியம் டொனால்டு ஷேஃபரும் அணி நிர்வாகமும் புதிய ஸ்டேடியத்துக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவானதை அறிவித்தார்கள். அந்த ஸ்டேடியம்தான் 1992இல் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே காலமானார். மே 2 ஆட்டத்தில் டெக்சஸை ஓரியோல்ஸ் 9–4 என்று வென்றது.

பருவம் 54 வெற்றி, 107 தோல்வியில் முடிந்தது. ஜூலையில் பாடிக்கரை பாஸ்டனுக்குக் கொடுத்து இரண்டு இளைஞர்களை வாங்கினார்கள்: ப்ரேடி ஆண்டர்சன், கர்ட் ஷில்லிங். ஆண்டு இறுதியில் மர்ரேயும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். ரிப்கன் சீனியரை 1989இல் மூன்றாம் பேஸ் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்தார்கள், அவரும் வந்தார். அந்த 1989இல் இதே அணி, பெரும்பாலும் புதிய முகங்களோடு, 87 ஆட்டங்களை வென்று கடைசி வார இறுதிவரை டொரண்டோவைத் துரத்தியது. ஒரே குளிர்காலத்தில் அது எப்படி நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)