நீலத்துக்கும் நீலத்துக்கும் இடையே

விரலளவும் இல்லாத ஈயப் போர்வீரனுக்கு வண்ணந் தீட்டுதலைச் சிறுபிள்ளை விளையாட்டென்பர் சிலர். நான் அவ்வாறு கருதுவதில்லை. பேருருவின் ஆடைமடிப்பிலே ஒளியும் நிழலும் தாமே விழும். சிற்றுருவிலோ அவை கண்ணுக்குப் புலனாகா. ஆதலின் தீட்டுவோன் நீர்த்த கருவண்ணத்தை மடிப்புக்களிலே தேங்கவிட்டு, மேடான இடங்களில் வெளிறிய வண்ணத்தை மெல்லத் தடவி, இல்லாத நிழலை உண்டாக்குகின்றான். மெய்போலத் தோன்றுதற்கு இச்சிறு பொய் வேண்டியிருக்கிறது.

இத்தகைய உருவங்கள் பெரியதொரு வழக்குக்கும் காரணமாயின. 1815 ஆம் ஆண்டு யூன் 18 இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போரின் மாதிரியொன்றை அமைக்குமாறு, 1830 இல் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி பணிக்கப்பட்டார். அவர் களத்திலிருந்த பண்ணைவீடொன்றில் எட்டுமாதந் தங்கி நிலத்தை அளந்தார். போரிற் பங்குபற்றி உயிரோடிருந்த அதிகாரிகளுக்கு, 'மாலை ஏழு மணியளவில் உங்கள் படை எங்கு நின்றது?' என வினவிக் கடிதங்கள் விடுத்தார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் காணும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். இவர் மனிதரின் நினைவையே ஏடாகக் கொண்டார். 1833 இல் அரசு பொருளுதவியை நிறுத்தியபோதும் கடன்பட்டுப் பணியைத் தொடர்ந்தார்.

1838 இல் இலண்டனிற் காட்சிக்கு வந்த அம்மாதிரியில் 70,000 க்கு மேற்பட்ட உருவங்கள் நின்றன. இரு வீரருக்கு ஓருரு. உயரம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். அவ்வளவிலே முகத்தைக் கொண்டு யாரையும் அறிதல் இயலாது. ஆடையின் நிறமே ஆளை அறிவிக்கும். ஆங்கிலக் காலாட்படை செவ்வாடையது. பிரெஞ்சுப் படையும் புருசியப் படையுமோ நீலவாடையன! தீட்டுவோனின் தூரிகைக்கு அங்கேதான் சோதனை.

வழக்கும் அந்நீலத்தைப் பற்றியதே. ஏழு மணிக்குள் புருசியர் பெருந்திரளாக வந்து பிரெஞ்சுப் படையின் பக்கத்தைத் தாக்கினர் என மாதிரி காட்டிற்று. அவ்வாறாயின் வெற்றி வெலிங்ரன் பிரபுவுக்கு மட்டும் உரியதன்று. அவரைச் சார்ந்தோர் இதனை விரும்பவில்லை. நெருக்கம் மிகவே, புருசிய உருவங்கள் பலவற்றை நீக்கச் சைபோர்ன் இசைந்தார். கடன்பட்டவனின் இசைவை இசைவென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அவர் 1849 இல் மறைந்தார். மாதிரி இன்று இலண்டன் தேசிய இராணுவ அரும்பொருளகத்தில் உள்ளது. உருவங்களை எடுத்தனர், கடிதங்கள் எஞ்சின. அவற்றுட் பலவற்றை அவர் மகன் 1891 இல் நூலாக வெளியிட்டார்.