பழைய துப்பாக்கிக்கு ஏன் இந்த மவுசு?

பழைய துப்பாக்கி என்றால் பழைய இரும்புதானே, அதை ஏன் பணம் கொட்டி வாங்குகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களிலும் நடமாடிய ஒரு துப்பாக்கியை வைத்தே இதைப் பார்ப்போம்.

அதன் பெயர் லீ-என்ஃபீல்டு. 'திரீ நாட் திரீ' என்றால் நம் பெரியவர்களுக்கு உடனே புரியும். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த பூட்டும், லண்டனுக்கு வடக்கே இருந்த என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் சேர்ந்து 1895-இல் பிறந்த ஆயுதம். பிறகு இந்தியாவில் கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரிலும் இதைச் செய்தார்கள்.

இது வேலை செய்யும் விதத்தை அறிய நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கைப்பிடியைக் கீழே இறக்கினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைதான் வேலை செய்ய வேண்டும். உள்ளே சிக்கலான பாகங்கள் குறைவு. அதனால் பழுதும் குறைவு. கனடாவின் வடதுருவப் பகுதியில் காவல் புரியும் ரேஞ்சர் படை 1947 முதல் 2010-களின் இறுதிவரை இதையே வைத்திருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை இதற்கு விடைகொடுத்தது 2020-இல்தான்! ஒரு கருவி இவ்வளவு காலம் உழைத்தால் அதன்மேல் மரியாதை வராதா?

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். காட்டுப் போருக்கென்று 1944-இல் இதைக் குட்டையாக்கி 'நம்பர் 5' என்று ஒன்றைச் செய்தார்கள். 'ஜங்கிள் கார்பைன்' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். 113 செண்டிமீட்டர் நீளம் 100 ஆனது. நாலு கிலோவுக்கு மேலிருந்த எடை மூன்றே கால் கிலோவாகக் குறைந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் படைவீரர்கள் இதைச் சுமந்து திரிந்தனர். எடை குறைந்ததால் தோளில் உதை பலமானது. குறி அடிக்கடி விலகுகிறது என்ற புகாரும் எழுந்தது. 1947-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குறையுள்ள இந்தத் துப்பாக்கியைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். சில ஆண்டுகளே செய்யப்பட்டதால் கிடைப்பது அரிது. அரிதானதற்குப் போலியும் வந்துவிடும் அல்லவா? சாதாரண நம்பர் 4 துப்பாக்கியை வெட்டிக் குட்டையாக்கி விற்றவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அசலில் எடையைக் குறைக்க உடற்பகுதியிலும் குழலின் அடியிலும் இரும்பைக் கடைந்து எடுத்திருப்பார்கள். வெட்டிச் செய்த போலியில் அந்தக் கடைசல் இருக்காது.

இன்னொன்றையும் பார்ப்பார்கள். தாழ்ப்பாளின் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடற்பகுதியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை கூடும். கட்டையில் குத்திய அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமை என்பதற்கான முத்திரை. பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்த முத்திரைகள் போய்விடும். விலையும் குறைந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல இதைத் துலக்கக் கூடாது. என் கருத்தில், சிப்பாயின் கை பட்டுத் தேய்ந்த கட்டைதான் அழகு.

இதைக் கேட்டுவிட்டு யாரும் ஆசைப்பட்டு வீட்டில் வைத்துவிடாதீர்கள். மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம். துருப்பிடித்த பழசுதானே என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது ஆபத்து. தோட்டத்திலோ பழைய வீட்டுப் பரணிலோ தென்பட்டால் கையால் தொடாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பழைய தோட்டாவும் வெடிக்கக்கூடியதுதான்.

அவசரகால வரலாற்றைப் பார்க்க விரும்புவோருக்குப் போர்ட்டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் நாளில் பிள்ளைகளை அங்கேயும் ஒரு நடை அழைத்துச் செல்லலாம்.