வாகனம் வரும்வரை
பாம்புக்கடியும் முதலுதவியும்

பாம்பு கடித்தவரைக் காப்பாற்றும் மருந்து வைத்தியசாலையில் இருக்கிறது. ஆனால் கடிபட்டவர் வைத்தியசாலை வாசலை அடையும்வரை அவருடைய உயிர் பக்கத்தில் நிற்பவர்களின் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் பதற்றப்படாமல் நாலு காரியங்களைச் செய்யவும், வேறு சில காரியங்களைச் செய்யாமல் விடவும் தெரிந்திருந்தால் போதும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் பயிற்சியில் எவரும் பழகிக்கொள்ளலாம்.

2016 ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்றின்படி, இலங்கையில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் 30,000 பேர் வரையில் உடலில் விஷம் ஏறியவர்கள். இறப்பவர்கள் 400 பேருக்கும் அதிகம். அதாவது, பாம்பு கடித்த எல்லோருக்கும் விஷம் ஏறுவதில்லை. விஷம் ஏறியவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். "கடித்தால் முடிந்தது" என்ற எண்ணம் தவறு. அந்தப் பயமே பல வேளைகளில் எம்மைப் பிழையான வழியில் ஓட வைக்கிறது.

எமக்கு ஏன் இந்த ஆபத்து அதிகம்?

சொந்த ஊரில் கல்வீட்டில் கட்டிலில் படுத்தவர்கள், இடம்பெயர்ந்த பின் கொட்டிலில் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கிடுகு வேலிக்கும் தறப்பாளுக்கும் இடையில் பாம்பு நுழைய இடமுண்டு. வேறு களஞ்சியம் இல்லாததால் நெல் மூட்டையும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நெல்லைத் தேடி எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

ஊர் திரும்பியவர்களுக்கு வேறு வகையான ஆபத்து. போர் 2009 இல் முடிந்த பின்னர் தம் காணிக்குத் திரும்பிய பலர் கண்டது பற்றை மூடிய வளவும், இடிந்த சுவரும், தூர்ந்த கிணறும்தான். ஆள் நடமாட்டமில்லாத இடிபாடும் கற்குவியலும் பாம்புக்கு நல்ல வீடு. (கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியில் பற்றை வெட்ட இறங்கவே வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.) மாரியில் வெள்ளம் வந்தால் மனிதர் ஏறும் அதே மேட்டு நிலத்துக்குத்தான் பாம்பும் ஏறுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய பாம்புகள்

கண்ணாடி விரியன்: புடையன் என்றும் சொல்வார்கள். தடித்த உடல், முதுகில் சங்கிலி போல் மூன்று வரிசை வட்டங்கள், பலமான சீறல். வயலில் விதைப்புக் காலத்திலும் அரிவு வெட்டுக் காலத்திலும் காலில் கடிப்பது பெரும்பாலும் இதுவே. கடித்த இடம் வலித்து வீங்கும். இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். முரசில் இரத்தம் கசியலாம், சிறுநீர் சிவக்கலாம், சிறுநீரகம் பழுதாகலாம். எமது நாட்டில் இதன் கடியால் கண்ணிமையும் சோர்ந்து விழுவதுண்டு.

எட்டடி விரியன்: கட்டுவிரியன், எண்ணெய் விரியன் என்றும் பெயருண்டு. மினுங்கும் கரிய உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். இரவில் திரியும். தரையில் நித்திரை கொள்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல் பட்ட அடையாளமே தெரியாமலும் போகலாம். ஆகையால், தரையில் படுத்தவர் விடியற்புறம் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்றால், பாம்பைக் காணாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நாகபாம்பு: படமெடுப்பதால் எல்லோரும் அறிவர். கடித்த இடம் வலித்து வீங்கும். உடல் தளர்ந்து மூச்சும் தடைப்படலாம்.

சுருட்டை விரியன்: யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார் போன்ற வறண்ட, மணற்பாங்கான இடங்களில் காணப்படும் சிறிய பாம்பு. இதன் விஷமும் இரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

கோப்பி விரியன்: மேல்நோக்கி வளைந்த மூக்குள்ள சிறிய பாம்பு. நிழலான தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும். இறப்பு அரிது என்றாலும் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. சிறிய பாம்பு என்று அலட்சியம் செய்யக் கூடாது.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

1. கடிபட்டவரைப் பாம்பிலிருந்து அப்பால் கொண்டுவந்து படுக்க வையுங்கள். அவரை ஓடவோ நடக்கவோ விட வேண்டாம். தசை அசையும்போதெல்லாம் விஷம் விரைந்து பரவும்.

2. தைரியம் சொல்லுங்கள். சுற்றி நின்று குழறுபவர்களை அப்பால் அனுப்புங்கள். "மருந்து இருக்கு, இப்ப கொண்டு போறம், நீங்கள் அசையாமல் படுங்கோ" என்று ஒருவர் மட்டும் அமைதியாகப் பேசினால் போதும்.

3. மோதிரம், காப்பு, வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் இவை இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

4. கடிபட்ட காலை அல்லது கையை, எலும்பு முறிந்தால் கட்டுவது போல, பலகைத் துண்டு அல்லது நேரான தடி வைத்துத் துணியால் கட்டி அசையாமல் செய்யுங்கள். கட்டின் கீழ் ஒரு விரல் இலகுவாக நுழைய வேண்டும்.

5. வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தியும் நாக்கும் மூச்சை அடைக்காது.

6. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் பாம்பைப் படமெடுக்க முடிந்தால் நல்லது. அடிக்கவோ பிடிக்கவோ போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம்.

7. வாகனத்தை அழையுங்கள். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. அது வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள்.

செய்யக் கூடாதவை

கயிற்றாலோ துணியாலோ இறுக்கிக் கட்டக் கூடாது. விஷம் நிற்கும் என்று எண்ணி இரத்த ஓட்டத்தை நிறுத்தினால், பிழைத்த பின் அந்தக் காலையே இழக்க நேரிடலாம். யாராவது முன்பே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சடுதியாக அவிழ்க்க வேண்டாம்; வைத்தியர் அவிழ்க்கட்டும்.

கடிவாயைக் கீறக் கூடாது. விரியன் கடித்தவரின் இரத்தம் உறையாது. கீறிய காயம் நிற்காமல் ஓடும். வாயால் உறிஞ்சினால் விஷம் வெளியே வராது. கல் வைப்பது, சுடுவது, எண்ணெய் தேய்ப்பது எதுவும் உதவாது. சாராயம் கொடுக்கக் கூடாது. வலிக்கு டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது. அது இரத்தக் கசிவைக் கூட்டும். வலி தாங்க முடியாதென்றால், விழுங்கக் கூடியவருக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம்.

"எங்கட ஊர்ப் பரியாரியார் எத்தனையோ பேரைச் சுகப்படுத்தினவர்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. விஷம் ஏறாத கடி நிறைய உண்டென்பதை முன்பே பார்த்தோம். அப்படிப்பட்டவர் எந்த மருந்து செய்தாலும் சுகமாவார். விஷம் ஏறியவருக்கோ கழிந்த மணித்தியாலம் திரும்பி வராது. பரியாரியார் மீது மக்களுக்குள்ள நம்பிக்கை பெரியது. எனவே அவரையும் முதலுதவிப் பயிற்சிக்கு அழையுங்கள். "முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று அவர் வாயால் சொன்னால் ஊர் கேட்கும்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

போனவுடன் ஊசி போடவில்லை என்று கோபிப்பவர்கள் உண்டு. விஷமுறி மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்த பின்னரே அதைக் கொடுப்பார்கள். சிறிது இரத்தத்தை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைப்பார்கள். பின்னர் சரித்துப் பார்க்கும்போது இரத்தம் உறையாமல் ஓடினால், விரியனின் விஷம் ஏறிவிட்டதென்று பொருள். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணித்தியாலமாவது தங்க வேண்டும். இடையில் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம்.

எமது நாட்டில் பயன்படும் இந்திய விஷமுறி மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் உரியது. கோப்பி விரியனுக்கு அது உதவாது. ஆயினும் அந்நோயாளியின் இரத்தத்தையும் சிறுநீரகத்தையும் வைத்தியசாலையில் கவனித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. எட்டடி விரியன் கடித்தவர் கண் திறக்காமல், கை கால் அசையாமல், செத்தவர் போலக் கிடக்கலாம். ஆனால் அவருக்குக் காது கேட்கலாம். மூச்சுக்கு உதவி கிடைத்தால் நாட்கள் சென்றாலும் எழுந்து நடப்பார். வழியில் மூச்சு நின்றால், பயிற்சி பெற்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே செல்ல வேண்டும். போய்விட்டார் என்று நாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நேபாள விவசாயிகள் செய்தது

கிழக்கு நேபாளத்தில் டாமக் என்னும் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களும் எம்மைப் போல வயலை நம்பி வாழ்பவை. அங்கே கடிபட்டவர்கள் சிகிச்சை நிலையத்தை அடையுமுன் வழியிலேயே இறந்தார்கள். எனவே சில கிராமங்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தொண்டர்களை ஒழுங்கு செய்தார்கள். கடிபட்டவரை நடுவில் இருத்தி, இன்னொருவர் பின்னால் இருந்து பிடித்துக்கொள்ள, நேரே சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். கூடவே ஊர் மக்களுக்கு விளக்கமும் கொடுத்தார்கள். 2013 இல் வெளியான அறிக்கையின்படி, அக்கிராமங்களில் கடிபட்ட நூறு பேரில் பத்துப் பேர் வரை இறந்த நிலை மாறி, நூற்றுக்கு ஒருவரிலும் குறைவாயிற்று. புது மருந்து எதுவும் வரவில்லை. வழியில் வீணான நேரம் குறைந்தது, அவ்வளவுதான்.

இதை நாமும் செய்யலாம். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ கூடும் நாளில் இவற்றைத் தீர்மானியுங்கள்:

- எமது குடியிருப்பில் இரவில் எடுக்கக் கூடிய வாகனம் யாரிடம் உண்டு? அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்?
- எந்த வைத்தியசாலையில் விஷமுறி மருந்து உண்டு? முன்பே போய்க் கேட்டு வையுங்கள்.
- எரிபொருளுக்கான சிறு தொகை யாரிடம் இருக்கும்?
- பத்து வீட்டுக்கு ஒருவரென முதலுதவி பழகப் போவது யார்? ஆண்கள் வயலில் நிற்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும். அவர்களும் பழக வேண்டும்.

பயிற்சியைக் கேட்டுவிட்டுப் போவதில் பயனில்லை. ஒருவரைப் படுக்க வைத்து, தடி வைத்துக் கட்டி, சரித்து, தூக்கி வாகனத்தில் ஏற்றிப் பாருங்கள். விதைப்புக்கு முன் ஒருமுறையும் அரிவு வெட்டுக்கு முன் ஒருமுறையும் செய்தால் கை மறக்காது.

கடிபடாமல் இருக்க

நுளம்பு வலையைப் பாயின் ஓரங்களுக்குள் சொருகிப் படுங்கள். வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவென்று நேபாளத்திலேயே செய்த ஓர் ஆய்வு 2007 இல் காட்டியது. இயன்றவர்கள் தரையை விட்டு உயர்த்திப் படுக்கலாம். நாலு கப்பும் பலகையும் போதும்.

இரவில் ரோச் லைற் இல்லாமல் மலசலகூடத்துக்கும் போக வேண்டாம். நெல் மூட்டையைப் படுக்கும் இடத்திலிருந்து விலக்கி வையுங்கள். பொச்சு மட்டை, விறகு, கல், ஓலைக் குவியல்களை வீட்டுச் சுவரோடு சேர்க்காதீர்கள். விறகை எடுக்குமுன் தடியால் தட்டுங்கள். பொந்துக்குள் கை விடாதீர்கள். இறப்பர் சப்பாத்து இருப்பவர்கள் வயலுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போடுமுன் கவிழ்த்து உதறுங்கள். வரம்பில் புல்லைக் குறுக வெட்டி வைத்தால் கால் வைக்கும் இடம் தெரியும்.

இடம்பெயர்வில் வீடு, மாடு, விதைநெல் என்று பலவற்றை விட்டு வந்தோம். கற்றுக்கொண்டது மட்டும் எங்கே போனாலும் எம்மோடு வரும். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொட்டிலின் கப்பில் ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாத ஆச்சிக்குப் பிள்ளையைக் கொண்டு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாகனம் தரக் கூடிய இருவரின் தொலைபேசி இலக்கத்தை அதன் அடியில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.