அப்பாவை எப்படி எழுப்புவது?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கவர் நிறைய மாத்திரை கொடுப்பார்கள். எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று சீட்டில் எழுதியிருக்கும். அவரைக் கட்டிலில் இருந்து எப்படி எழுப்புவது என்று பெரும்பாலும் யாரும் செய்து காட்டுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டு, தசைகளின் பிடிப்பில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும். அப்புறம் மாதக்கணக்கில் தோள்வலி.

தூக்கவே வேண்டாம். நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வேலை செய்வதைக் கவனித்தாலே புரியும். சக்கர நாற்காலியை நோயாளியின் வலுவுள்ள பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுவார். பிரேக் போட்டு, கால் வைக்கும் பலகையை மடக்கிவிடுவார். எழுப்பியதும் நிற்கவைக்க மாட்டார். காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்காரவைப்பார். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிறகு இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, கட்டில் ஓரத்துக்கு நகரச் சொல்லி, பாதங்களை முழங்காலுக்குச் சற்று உள்ளே தள்ளி ஊன்றவைப்பார். “முன்னால குனிங்கய்யா... இன்னும் கொஞ்சம். மூக்கு முழங்காலைத் தாண்டணும்.” அப்படிக் குனிந்ததும் பாரம் பாதத்துக்கு இறங்கும், இடுப்பு தானாக மேலெழும்பும். வலுவிழந்த கால் மடங்கிவிடாதபடி தன் முழங்காலால் அணைகொடுத்து, பெல்ட்டைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்துவிடுவார். ஒரு காலையாவது ஊன்ற முடிகிறவர் என்றால், தன்னைவிடக் கனமான ஆளையும் ஒருவர் இப்படி மாற்றலாம். நோயாளியை நம் கழுத்தைக் கட்டிக்கொள்ள மட்டும் விடக்கூடாது. இருவரும் சேர்ந்து விழ அதுவே போதும்.

இத்தகைய மறுவாழ்வுச் சிகிச்சைக்கு நம் ஊரில் ஒரு முன்னோடி உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது அவரால்தான்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பெரிய எதிரி படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் கோட்டை விடுகிறோம். இழுத்து நகர்த்தினால் தோல் உரசிக் கிழியும். அடியில் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்துவது நல்லது. முழுக்க ஒருக்களிக்க வைக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக வைத்தால் இடுப்பெலும்பில் பாரம் ஏறாது. கெண்டைக்காலுக்கு ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. தோல் சிவந்தால் புண்ணின் தொடக்கம் என்பார்கள். நம்முடைய கறுத்த மேனியில் சிவப்பு தெரியாமலே போகலாம். ஓரிடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, நிறம் அடர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதே வழி. முன்பெல்லாம் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுப் பரபரவென்று தேய்ப்பார்கள். எலும்பு துருத்திய இடத்தில் அப்படித் தேய்ப்பது கெடுதல்.

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். உடம்பு துடைக்கும்போது முழுத்துணியையும் உருவிப் போடாமல், துடைக்கிற பாகத்தை மட்டும் திறந்து, உலர ஒற்றி உடனே மூட வேண்டும். பல் தேய்ப்பது, முகம் கழுவுவது போன்ற, அவரால் முடிகிற வேலையை அவரே செய்யட்டும். அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது, மிச்சமிருக்கும் கொஞ்சப் பலத்தையும் பறித்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும், நோய்த்தணிப்புச் சிகிச்சை நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள். வரும் நாளில் பயிற்சியை மட்டும் வேடிக்கை பார்க்காமல், எழுப்புவதையும் புரட்டுவதையும் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அவர்கள் கண்முன் ஒருமுறை செய்துகாட்டித் திருத்தம் கேளுங்கள். வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருக்கும் மகனையும் உள்ளே கூப்பிடுங்கள். அம்மா ஒருத்தியின் முதுகு எத்தனை நாள் தாங்கும்?