காற்றறைகளின் உட்போர்வை

குழந்தை பிறந்தவுடன் வீறிட்டு அழுதால் வீட்டார் மகிழ்கின்றனர். அதுவரை நீர்மம் நிறைந்திருந்த நுரையீரலுக்குள் முதன்முறையாகக் காற்று புகுந்துவிட்டது என்பதற்கு அவ்வழுகையே அறிகுறி. ஆயினும், மாதம் நிறையுமுன் பிறக்கும் குழந்தைகளுள் சில, அழுத பின்னரும் மூச்சுக்குத் திணறுகின்றன. விலா இடைவெளிகள் உள்வாங்குகின்றன, முனகல் கேட்கிறது, உடல் நீலம் பாய்கிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம், கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை உயிரணுக்களின் முதிர்ச்சியின்மையே.

வளர்ந்த மனிதனின் நுரையீரல்களில் சுமார் 48 கோடி காற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். இவற்றின் உட்புறத்தே தொடர்ச்சியான உயிரணுப் போர்வை உண்டா என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரியதாக இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் பிராங்க் லோ, எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் துணைகொண்டு அதை உறுதிப்படுத்தினார்.

இப்போர்வையில் இருவகை உயிரணுக்கள் உண்டு. முதல் வகை, விரித்த துணிபோல் மெல்லியது; பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மூடுகிறது. பிராணவாயு இரத்தத்தினுள் செல்வதும், கரியமிலவாயு வெளியேறுவதும் இதன் வழியாகவே. இரண்டாம் வகை சிறு பெட்டி வடிவினது. எஞ்சிய பரப்பில் ஆங்காங்கே அமைந்துள்ளது. முதல் வகை சிதைந்தால், இரண்டாம் வகை பெருகி அதன் இடத்தை நிரப்புகிறது. அதனினும் சிறந்த பணி ஒன்றும் இதற்கு உண்டு.

காற்றறையின் உட்புறம் ஈரமானது. நீரின் பரப்பு இழுவிசை, சிறிய அறையைச் சுருக்கி மூட முயல்கிறது. இரண்டாம் வகை உயிரணுக்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரந்து, அவ்விசையைத் தணிக்கின்றன. வகுப்பில் இதனை எளிதில் விளக்கலாம். தட்டிலுள்ள நீர்மீது மிளகுத்தூளைத் தூவி, நடுவே சோப்பு தோய்ந்த விரலை வைத்தால், தூள் விளிம்பை நோக்கி ஓடும். சோப்பு பட்ட இடத்தில் இழுவிசை குறைவதே காரணம்.

கருவில் இச்சுரப்பு ஏறக்குறைய 24-ஆம் வாரத்தில் தொடங்கினும், போதிய அளவை எட்டுவது 35-ஆம் வாரத்தை ஒட்டியே. மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இப்பொருள் குறைவென்பதை 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் கண்டனர். 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் இந்நோயால் பிறந்த இரண்டு நாளுக்குள் மாண்டான். அன்று மருந்தில்லை. 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசியிட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிர்வதைக் காட்டினர். 1980-இல் ஜப்பானின் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் குழந்தைகளுக்கு அளித்து வெற்றி கண்டார்.

24 முதல் 34 வாரத்திற்குள் குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு, டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம் வீதம் 12 மணிக்கொருமுறை நான்கு ஊசிகள் இடுமாறு இந்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. முதல் ஊசியைச் செவிலியரே இட்டு, தாயை மருத்துவமனைக்கு அனுப்பவும் அது இடமளிக்கிறது. ஆனால் வாரக்கணக்கு தெரியாவிடில் இவ்வழி பயன்படாது. கடைசி மாதவிலக்கின் தேதியைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பிழையின்றிக் குறித்து வைக்கும் ஊழியர், பிறக்கவிருக்கும் குழந்தையின் மூச்சுக்கு முதற்காவலர் ஆகிறார்.