கைராசி மட்டும் போதுமா?

வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றதும் நாம் முதலில் விசாரிப்பது, "டொக்டர் கைராசிக்காரரா?" என்றுதான். கைத்திறன் அவசியமே. ஆனால் அது மட்டும் ஒருவரை நல்ல சத்திரசிகிச்சை நிபுணராக்கிவிடாது.

அமெரிக்காவில் 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வில்லியம் ஹால்ஸ்டட் என்பவர் இளம் வைத்தியர்களுக்குப் படிப்படியாகப் பொறுப்புக் கொடுத்துப் பயிற்றும் முறையைத் தொடங்கினார். வைத்தியசாலையிலேயே தங்கிப் பயின்றதால் அவர்கள் 'வதிவிட வைத்தியர்கள்' எனப்பட்டனர். இம்முறையில் கை நன்கு பழகியது. நோயாளியிடம் பேசும் முறையோ மூத்தவரைப் பார்த்துப் படிந்ததுதான். அவர் சிடுசிடுப்பவராயின் மாணவரும் அப்படியே!

இக்குறையைப் போக்க, 1999இல் அந்நாட்டின் மருத்துவப் பயிற்சி அங்கீகார சபை, எல்லாத் துறைப் பயிற்சி வைத்தியர்களுக்கும் ஆறு தகைமைகளை வகுத்தது:

1. நோயாளியைப் பராமரித்தல்
2. மருத்துவ அறிவு
3. தன் வேலையைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளல்
4. பேச்சும் பழகும் விதமும்
5. தொழில் ஒழுக்கம்
6. வைத்தியசாலை இயங்கும் ஒழுங்கை அறிந்து பணியாற்றல்

பேச்சைக் கற்பிக்க முடியுமா? முடியும். நோயாளியாக நடிப்பவரிடம் துக்கச் செய்தியைச் சொல்லிப் பழகுகிறார்கள். மரணங்களையும் சிக்கல்களையும் கூட்டங்களில் வெளிப்படையாக அலசுகிறார்கள். பயிற்சி வைத்தியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று தாதியரிடமும் கேட்கப்படுகிறது.

பேச்சு உயிர் காக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் கூற வேண்டும். நோயாளி யார், எந்த இடத்தில் சத்திரசிகிச்சை, கிருமிகொல்லி மருந்து கொடுத்தாயிற்றா என்பவற்றை வாய்விட்டு உறுதிப்படுத்த வேண்டும். எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் இதைச் செய்து பார்த்தபோது மரண வீதம் 1.5இலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே சகோதரிகளே, வைத்தியரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணாதீர்கள். இந்தச் சத்திரசிகிச்சை ஏன் தேவை? வேறு வழி உண்டா? என்ன ஆபத்து வரலாம்? செய்யப்போவது யார்? வீடு திரும்பியபின் எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள். புரியும்படி விளக்குவதும் வைத்தியரின் தொழில்தான்.