நூறு தடவை சரி என்றால் எப்போதும் சரியா?



போன மாதம் அப்பாவோட பைக்கில் புளியங்குடிக்குப் போனேன். மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தது. திடீரென்று ஓர் ஆடு குறுக்கே ஓடி வந்தது. அப்பா பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். வண்டி வழுக்காமல் நின்றது. "ஏ.பி.எஸ். இருக்குல்லா, அதான்" என்றார்.

அது என்ன? பிரேக்கை ஒரேயடியாக அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் நின்று வண்டி சறுக்கும். அப்படி ஆகப்போகிறது என்று சென்சார் சொன்னதும், வண்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்குள் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். நம் நாட்டில் 1.4.2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு இது கட்டாயம்.

அப்போ எனக்கு ஒரு பயம் வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்பு இருந்தால்? "ஓட்டிப் பார்த்துத்தானே விப்பாங்க!" என்பீர்கள். அது மட்டும் போதாது. 4.6.1996 அன்று ஐரோப்பாவின் ஏரியேன்-5 ராக்கெட் கிளம்பி சுமார் 40 விநாடியில் வெடித்தது. ஏரியேன்-4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய புரோகிராம்தான் அதிலும் இருந்தது. ஆனால் புது ராக்கெட்டின் வேகம் அதிகம். 32,767-க்கு மேல் கொள்ளாத இடத்தில் அதைவிடப் பெரிய எண் வந்துவிட்டது!

நம்ம கணக்குப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். நூறு முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்து 180° வந்தாலும் அது நிரூபணம் ஆகாது. ஓர் இணைகோடு வரைந்து நிரூபித்தால் எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும். புரோகிராமையும் இப்படி நிரூபிக்கலாம். இதற்கு 'ஃபார்மல் மெத்தட்ஸ்' என்று பேர்.

முதலில் விதியைச் சந்தேகம் இல்லாமல் எழுத வேண்டும். உதாரணம்: "பிரேக்கை விட்டால் உடனே மறுபடி பிடிக்க வேண்டும்." பிறகு எந்த நிலையிலும் அந்த விதி உடையாது என்று காட்ட வேண்டும். மூன்று சுவிட்சு இருந்தால் 8 நிலைகள். இருபது சுவிட்சு என்றால் 10,48,576! அதனால் சரிபார்ப்பதையும் கம்ப்யூட்டரே செய்கிறது. இந்த வழியைக் கண்டுபிடித்து வளர்த்த கிளார்க், எமர்சன், சிஃபாக்கிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

1998-இல் பாரிஸ் நகரில் டிரைவர் இல்லாத மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பாதுகாப்புக்கான புரோகிராமைக் கணித முறையில் நிரூபித்த பிறகே ஓட்டினார்கள். நம் சென்னை அருகே சிறுசேரியில் உள்ள சென்னை மேதமேடிக்கல் இன்ஸ்டிடியூட்டிலும் இந்தத் துறையில் ஆராய்ச்சி நடக்கிறது.

ஆனால் ஒன்று. எழுதிய விதிக்குத்தான் நிரூபணம் உண்டு. எழுத மறந்த விதிக்குக் கிடையாது. டயர் தேய்ந்திருந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. எனவே ஹெல்மெட்டும் நிதானமும் வேண்டும்.

"நிரூபி என்று வரும் கணக்கெல்லாம் எதுக்குடி?" என்று இனி யாராவது கேட்டால், "ஒரு உசிரைக் காப்பாத்த" என்று சொல்லுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி